புல்லட் பின் சக்கரம்: எவ்வளவு எடுத்தும் கோட்டம் போகவில்லை

மணப்பாறை_350 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர். 1981-இல் பழைய வண்டியாக வாங்கிய 1974 புல்லட் 350-இல்தான் மணப்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் மருந்துப் பெட்டியோடு போய் வந்தார். பதினோரு ஆண்டுகளாகத் தாழ்வாரத்தில் நின்ற வண்டியைச் சென்ற தை மாதம் பிரித்தேன். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. பின் சக்கரத்தில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். 19 அங்குல ரிம், 40 கம்பி. ரிம் துருப்பிடித்திருந்தாலும் எங்கும் அரித்து ஓட்டை விழவில்லை. நிப்பிள்கள் (கம்பி முனையை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு மரைகள்) அசையாததால் மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துக் கழற்றினேன். பிறகு ரிம்மையும் கம்பிகளையும் குரோம் முலாம் பூசக் கொடுத்தேன். கண்ணாடி போல வந்தன. நாற்பது கம்பிகளையும் ஒரே பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். முன் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கோத்து முடித்தேன்.

இப்போது ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கவையில்) மாட்டி அளந்தால் ரிம் இடப்பக்கம், அதாவது பல்சக்கரப் பக்கம், 6 மி.மீ. தள்ளி நிற்கிறது. சுற்றிவிட்டால் பக்கவாட்டில் ஆடுகிறது. ஓரிடத்தில் 4 மி.மீ. எழும்பி இறங்குகிறது. மேட்டை அடக்கினால் பக்கக் கோட்டம் கூடுகிறது. பக்கத்தைச் சரி செய்தால் மேடு திரும்பி வந்துவிடுகிறது. நான்கு மாலைகள் இதிலேயே போயின. சில கம்பிகள் வீணைத் தந்தி போல இறுகிவிட்டன; சில, விரல் பட்டாலே ஆடுகின்றன. ஏழெட்டு நிப்பிள்கள் துளையில் நேராக உட்காராமல் கம்பியை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிப்பதற்கு முன் நான் எந்த அளவும் எடுத்து வைக்கவில்லை.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். அலாய் சக்கரம் போட்டுவிடச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கம்பிச் சக்கரம்தான் வேண்டும், எனக்கும் அதுதான் வேண்டும். எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம்_சைக்கிள்கடை எழுதியது:

தம்பி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். நான் பன்னிரண்டு வயதில் அப்பாவின் சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கக் கற்றவன். மோட்டார் சைக்கிள் சக்கரம் கட்டத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் தொல்லை அந்தப் பையில்தான் தொடங்குகிறது.

நாற்பது கம்பியும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளையின்) விளிம்புக்கு உள்பக்கமாக ஓடுகிற கம்பிக்குத் தலை வெளியே இருக்கும். அதன் கழுத்து, அதாவது தலையருகே மடியும் இடம், சற்று விரிந்திருக்கும். வெளிப்பக்கமாக ஓடுகிற கம்பிக்குத் தலை உள்ளே இருக்கும். அது விளிம்பைத் தாண்டி வந்து மறுபடி நடுவை நோக்கிச் சாய வேண்டும் என்பதால் கழுத்து கூடுதலாக மடிந்திருக்கும். சில ஹப்களில் இடமும் வலமும்கூட நீளத்தில் மாறும். அதனால்தான் பிரிக்கும்போதே ஒவ்வொரு வகையையும் தனிக் கட்டாகக் கட்டிவிடுவோம். உங்கள் சக்கரத்தில் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அதை எவ்வளவு திருகினாலும் கோட்டம் இடம் மாறுமே ஒழிய, போகாது.

இரண்டு கம்பிகளை எடுத்துக் கழுத்தோடு கழுத்து பொருத்தி ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். நடுவே வெளிச்சம் தெரிந்தால் இரண்டும் வேறு வகை. பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

அடுத்தது நிப்பிள். ரிம்மில் துளை இருக்கும் குழிகளை விரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்த்து அடிக்கப்பட்டிருக்கும்: ஹப்பின் இட விளிம்பை நோக்கியா, வல விளிம்பை நோக்கியா, முன்னோக்கியா, பின்னோக்கியா என்று. வெறும் ரிம்மில் ஒரு நிப்பிளை வைத்து அதில் ஒரு கம்பியைத் திருகினால், தான் போக வேண்டிய திசையைக் கம்பியே காட்டும். உங்கள் ஏழெட்டு நிப்பிள்கள் கோணலாக நிற்கக் காரணம், கம்பி தனக்குரிய துளையில் இல்லை என்பதே. அப்படியே ஓட்டினால் நிப்பிள் வாயிலேயே கம்பி அறும்.

ஆகவே முழுவதும் பிரியுங்கள். நான்கு மாலை உழைப்பைப் பிரிக்க மனம் ஒப்பாது, எனக்கும் தெரியும். ஆனாலும் பிரியுங்கள்.

திரும்பக் கோக்கும்போது இரு பக்கமும் உள்கம்பிகள் பத்துப் பத்தாக முதலில். நிப்பிளை மூன்று நான்கு சுற்று மட்டும் பிடிக்க விடுங்கள். பிறகு ஹப்பைக் கையால் திருப்பினால் இருபதும் ஒரு பக்கமாகச் சாயும். அதற்கப்புறம் வெளிக்கம்பிகள், எதிர்த்திசையில் குறுக்காக. காற்று நிரப்பும் வால்வுத் துளைக்கு மேலே கம்பிகள் குறுக்கிடாமல் விலகிப் போக வேண்டும். இல்லையென்றால் பம்பு நுழையாது. எல்லா நிப்பிளையும் மரை மறையும் அளவுக்கு, ஒன்றுபோல, கொண்டுவாருங்கள். இந்த ஒன்றுபோல என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. இங்கே ஒரு கம்பியை இரண்டு சுற்று கூடுதலாகத் திருகினால், கடைசியில் அதற்காக ஆறு கம்பிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கோட்டம் எடுக்கும் முன் பேரிங்கைப் பாருங்கள். அச்சில் ஆட்டம் இருந்தால் அது ரிம்மின் கோட்டம் போலவே தெரியும். பேரிங் சரியென்றால் ஸ்விங் ஆர்மில் ஒரு பென்சிலைக் கட்டி, முனை ரிம் ஓரத்தைத் தொடும் தூரத்தில் வையுங்கள். முதலில் மேடு பள்ளம், அதன் பிறகே பக்கம். மேடு இருக்கும் இடத்தில் இட வலக் கம்பிகள் இரண்டையும் இறுக்க வேண்டும். பள்ளத்தில் இரண்டையும் தளர்த்த வேண்டும். பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, சாய்ந்த பக்கத்தைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரு சுற்றுக்குக் கம்பி நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. ஆனால் ரிம் பக்கவாட்டில் அதைப்போல் சில மடங்கு நகரும். கால் சுற்றுக்கு மேல் கை போகக் கூடாது.

ரிம்மைப் பற்றவைத்து இணைத்த இடத்தில் சின்னத் துள்ளல் இருக்கும். அதைக் கம்பியால் திருத்தப் போகாதீர்கள். அந்த இரும்பு அப்படித்தான். மற்ற இடங்களில் 1 மி.மீ.க்குள் வந்தால் நல்ல சக்கரம். ஜப்பானிய மோட்டார் சைக்கிள் கையேடுகள் பலவற்றிலேயே 2 மி.மீ. வரை எல்லை கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த 6 மி.மீ. தவறுதானா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஸ்விங் ஆர்மின் நடுவை நான் நம்ப மாட்டேன். ரிம் நிற்க வேண்டிய இடம் முன் சக்கரத்தின் கோட்டில். சங்கிலி நேராக ஓடும்படி சக்கரத்தை மாட்டி, இரண்டு டயர்களின் பக்கத்திலும் ஒரு நேரான பலகையைச் சாய்த்துப் பாருங்கள். முன்னும் பின்னும் 3.25 அங்குல டயர் என்றால் பலகை நான்கு இடத்திலும் தொட வேண்டும். பின்னால் 3.50 போட்டிருந்தால் முன் டயரருகே 3 மி.மீ. இடைவெளி இருப்பது சரி. அதைப் பார்த்துத்தான் ரிம்மை மொத்தமாக இடமோ வலமோ நகர்த்த வேண்டும்: ஒரு பக்கக் கம்பிகள் எல்லாவற்றையும் அரைச் சுற்று தளர்த்தி, மறுபக்கம் எல்லாவற்றையும் அரைச் சுற்று இறுக்கி.

என் அப்பா கடைசியில் ஸ்பேனர் காம்பால் கம்பிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார். ஒவ்வொன்றும் ணிங், ணிங் என்று ஒரே குரலில் பேச வேண்டும். நடுவில் ஒன்று டொக்கென்றால் அங்கேயே நிற்பார். கடைக்கு வெளியே பஸ் போனால் அது கடந்து போகும்வரை காத்திருந்து மறுபடி தட்டுவார். இன்றைக்கும் நான் சக்கரத்தைக் காதால்தான் முடிக்கிறேன்.

கோவை_முலாம் எழுதியது:

சைக்கிள்கடை ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்தக் கம்பிகளைத் திரும்பக் கோக்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்ப்பவள் நான்.

முலாம் பூசும் முன் துருவை நீக்க இரும்பை அமிலத் தொட்டியில் இறக்குவோம். அங்கேயும், பிறகு மின்சாரம் செலுத்தும் தொட்டியிலும் ஹைட்ரஜன் உண்டாகிறது. சாதாரண மென்னிரும்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கம்பி அப்படியல்ல, இழுத்து இழுத்து வலுவேற்றிய எஃகு. அந்த எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை அடைந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறுக்கும்போதும் தாங்கும். பிறகு, இழுவிசையில் நின்றுகொண்டே இருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கழுத்தில் முறியும். முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் அந்த வாயு வெளியேறும். அலங்கார முலாம் வேலையில் அதை யாரும் கேட்பதில்லை, நாங்களும் செய்து கொடுப்பதில்லை. பிறகு சூடேற்றிப் பயனும் இல்லை. விரிசல் தொடங்கியிருந்தால் அது ஆறாது.

உங்கள் ரிம்மைப் பற்றிக் கவலை வேண்டாம். நிப்பிள் துளைகளில் மட்டும் முலாம் தடித்துப் படிந்திருக்கலாம். ஒவ்வொரு துளையிலும் நிப்பிள் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். கம்பியும் நிப்பிளும் புதிதாக வாங்குங்கள்.

மணப்பாறை_350 எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. அக்காவின் பதிலை இரவு படித்தேன். காலையில் தாழ்வாரத்துக்குப் போனால் சக்கரத்தின் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு கம்பித் தலை கிடக்கிறது. யாரும் தொடவில்லை. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், உடைத்த கற்கண்டு போல மணி மணியாக இருக்கிறது. வளைந்த அடையாளமே இல்லை. இது வண்டி ஓடும்போது நடந்திருந்தால் என்று நினைக்கவே கை நடுங்குகிறது. நாற்பதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்கலாமா?

சேலம்_பாலிடெக்னிக் எழுதியது:

தாராளமாக வாங்கலாம். ஸ்டெயின்லெஸ் மரை உலர்ந்த நிலையில் இறுக்கும்போது கடித்துப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. மரையில் கொஞ்சம் கிரீஸ் தொட்டுவிட்டு, பித்தளை நிப்பிளோடு பயன்படுத்துங்கள்.

கம்பிகள் ஏன் குறுக்கே போகின்றன என்பதை என் மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் புல்லட் பின் சக்கரத்தைத்தான் காட்டுவேன். நேராக நடுவிலிருந்து விளிம்புக்குப் போனால் கம்பி எடையைத் தாங்கும், ஆனால் பல்சக்கரம் ஹப்பைத் திருக்கும்போது அதற்குப் பிடிமானம் இல்லை. சாய்த்துக் கோத்தால் வேகம் எடுக்கும்போது பாதிக் கம்பிகள் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது மறுபாதி இழுக்கும். இங்கிலாந்தின் காவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளுக்காகச் செய்த அந்த ஏற்பாட்டைத்தான் திருவொற்றியூரில் செய்த உங்கள் வண்டியும் சுமந்துகொண்டிருக்கிறது. கோக்கும்போது ஒரு கம்பி குறுக்கே போகாமல் தப்பினால் ஏன் பிரிக்கச் சொல்கிறோம் என்பது இதிலிருந்து புரியும்.

மணப்பாறை_350 எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதுக் கம்பிகள் வகை வகையாகத் தனிக் கட்டுகளில் வந்தன. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிற நூல் கட்டினேன். துளைகளில் ஒன்பதில் முலாம் தடித்திருந்தது. வட்ட அரத்தால் சுத்தம் செய்தேன். இந்த முறை எல்லா நிப்பிளும் தானாகவே நேராக உட்கார்ந்தன. முதன்முறை கோத்தபோது எவ்வளவு வலுக்கட்டாயம் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பலகை வைத்துப் பார்த்தேன். ஐயா சந்தேகப்பட்டது சரி. ரிம் தள்ளியிருந்தது 6 மி.மீ. அல்ல, 2 மி.மீ.தான். மீதியையும் நான் நடுவுக்குக் கொண்டுவந்திருந்தால் வண்டியையே கோணலாக்கியிருப்பேன். இரண்டு மாலைகளில் மேடு 1 மி.மீ.க்குள் வந்துவிட்டது, பற்றவைத்த இடம் மட்டும் கொஞ்சம் துள்ளுகிறது. பக்கம் அதைவிடக் குறைவு. கம்பிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வால்வுக்கு எதிரே மூன்றாவது கம்பியைச் சுட்டிக்காட்டி, "அது இன்னும் தூங்குகிறது" என்றார். தட்டினேன். டொக் என்றது.

நாளை டயர் போடலாமா?

கும்பகோணம்_சைக்கிள்கடை எழுதியது:

போடுங்கள் தம்பி. அதற்கு முன் மூன்று வேலை. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கையால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்துகள் விளிம்பில் சரியாகப் படியும். மறுபடி சுற்றிப் பார்த்தால் கொஞ்சம் மாறியிருக்கும், திருத்துங்கள். நிப்பிளுக்கு மேலே கம்பி முனை எட்டிப் பார்த்தால் அரத்தால் ராவி, விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரலுக்கு உறுத்தினால் டியூபைக் குத்தும். ராவிய தூளை முழுவதும் துடைத்துவிட்டு ரிம் டேப்பை வால்வுத் துளையில் பொருத்தி ஒட்டிப் போடுங்கள்.

முதல் 150 கி.மீ. தனியாக, மெதுவாக ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி நாற்பதையும் தட்டிப் பாருங்கள். ஐந்தாறு கம்பிகள் தளர்ந்திருக்கும், கால் சுற்று போதும். அதன் பிறகு அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள்.