பொய் விளம்பரத்தை டிவி நிலையம் ஏன் நிறுத்துவதில்லை?

ஒஹாயோ வாசகி:
தேர்தல் நெருங்கினாலே உள்ளூர் சேனலில் வேட்பாளர் விளம்பரம்தான். செனட்டுக்கு நிற்கும் ஒருவர் எதிராளியைப் பற்றிச் சொல்வது பொய் என்று அதே சேனலின் செய்தியிலேயே சொன்னார்கள். அரை மணி நேரத்தில் அந்த விளம்பரம் மறுபடியும் ஓடுகிறது! காசு கிடைத்தால் எதையும் போடுவார்களா? அமெரிக்க ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசி கேட்காதா?

மாலைச்செய்தி:
ஃபேர்னஸ் டாக்ட்ரினை 1987-இல் தூக்கினார்களே, அதன் விளைவு. எல்லாம் காசு.

விளம்பரப்பிரிவு:
இல்லைங்க. அந்த விதி, சர்ச்சையான விஷயங்களில் இரு தரப்பையும் காட்டச் சொன்னது. இது வேறு. உள்ளூர் நிலையம் ஒன்றின் விளம்பரப் பிரிவில் பல தேர்தல்களைப் பார்த்தவன் நான். அங்கே எங்கள் கை கட்டப்பட்டிருந்தது.

1934 தகவல்தொடர்புச் சட்டம், பிரிவு 315: வேட்பாளரின் குரலோ முகமோ வரும் அவருடைய சொந்த விளம்பரத்தில் நிலையம் ஒரு சொல்லைக்கூட வெட்டக்கூடாது. செனட் மாதிரி மத்தியப் பதவி என்றால் "போட மாட்டோம்" என்றும் சொல்ல முடியாது. காசும் பெரிதில்லை, பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் வேட்பாளருக்கு இருப்பதிலேயே குறைந்த கட்டணம்தான்.

1972-இல் ஜார்ஜியாவில் செனட்டுக்கு நின்ற ஜே. பி. ஸ்டோனர், கறுப்பின மக்களை இழிவாகப் பேசி விளம்பரம் கொடுத்தார். தடுக்கச் சொல்லி எஃப்சிசியிடம் போனார்கள், தடுக்க மறுத்துவிட்டது. அதைப் படிக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. ஆனாலும் இந்த விதி வேண்டும் என்பேன். வெட்டும் உரிமையைக் கொடுத்தால், எந்த வேட்பாளர் என்ன பேசலாம் என்பதை நிலைய முதலாளி முடிவு செய்வார். ஒரே கம்பெனி பல ஊர்களில் நிலையங்களை வைத்திருக்கும் நாடு இது.

வெட்ட முடியாததால்தான், அதில் வரும் அவதூறுக்கு நிலையம் பொறுப்பில்லை என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளர்மேல் வழக்குப் போடலாம்.

ஒஹாயோ வாசகி:
அப்போ சூப்பர் பேக் (வேட்பாளரைச் சேராமல் தனியாகப் பணம் திரட்டிச் செலவிடும் குழு) விளம்பரங்கள்? சிஎன்என் ஒன்றை மறுத்ததாக ஞாபகம்.

விளம்பரப்பிரிவு:
ஆமாம், ஆனால் அது சூப்பர் பேக் விளம்பரம் இல்லை, 2019-இல் பைடனைப் பற்றி டிரம்பின் பிரசாரக் குழுவே கொடுத்தது. கேபிள் சேனலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சூப்பர் பேக் விளம்பரத்தை உள்ளூர் நிலையமும் மறுக்கலாம். அவதூறு இருந்தால் பொறுப்பும் அதற்கு உண்டு. அதனால் எதிர்த்தரப்பு வக்கீல் கடிதம் வந்தால் எங்கள் ஆபீசே பரபரக்கும், சில விளம்பரங்கள் அன்றைக்கே நின்றுவிடும்.

கடைசி நொடிகளைக் கவனியுங்கள். "இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு" என்று வேட்பாளரே சொன்னால் அது அவருடையது. 2002 சட்டம் அப்படிச் சொல்ல வைத்தது. வேறு பெயர் வந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், அங்கே பலன் உண்டு. யார், எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்பது எஃப்சிசி தளத்தில் அந்த நிலையத்தின் பொதுக்கோப்பில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.