புதுப்பிப்பு: 8 எம்பிபிஎஸ் லைனில் வீடியோ கால் திக்குவது நின்றது

பழைய கேள்வி: டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழி இணைய) லைனில் ஒரு போன் போட்டோ பேக்கப் தொடங்கினாலே மற்றவர்களின் வீடியோ கால் திக்குகிறது. காரணம், 0.8 எம்பிபிஎஸ் அப்லோடு நிரம்பி, மோடத்துக்குள் பாக்கெட்டுகள் வரிசை கட்டுவதுதான். பேக்கப் ஓடும்போது பிங் (பதில் திரும்பி வரும் நேரத்தை அளக்கும் சோதனை) போட்டால் 30 மில்லிசெகண்ட் பல நூறாக எகிறும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) ஓடும் ரவுட்டரில், பாக்கெட் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் (SQM) நிறுவி, அதில் கேக் (cake) என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்தாயிற்று. வேக வரம்பு, அளந்த வேகத்தில் 85 சதவீதம்: டவுன்லோடு 6800, அப்லோடு 680 கேபிபிஎஸ். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வரிசை மோடத்தை விட்டு ரவுட்டர் கைக்கு வந்துவிடும். லிங்க் லேயர் அமைப்பில் ஏடிஎம் (டிஎஸ்எல் லைன் தரவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை), ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்டுகள்) 44 பைட். இதை விட்டால் சின்ன பாக்கெட்டுகளின் கணக்கு தப்பும். ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை (டிராஃபிக்கை நேரடியாக சிப்பே கடத்திவிடும் வசதி) அணைக்காவிட்டால் டிராஃபிக் எஸ்க்யூஎம் பக்கமே வராது.

டோரண்ட் ஓடும் லேப்டாப் மட்டும் இன்னும் அதிகம் இழுத்தால், எஸ்க்யூஎம்மின் அப்லோடு ஆப்ஷனில் ‘நாட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்’ (nat dual-srchost), டவுன்லோடில் ‘நாட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட் இன்கிரெஸ்’ (nat dual-dsthost ingress) சேருங்கள்; கருவிக்குக் கருவி சமமாகப் பிரியும்.