பம்ப் மார்க்கருடன் பெயிண்ட்பால் விளையாடத் தொடங்குவது எப்படி?

ஓடைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்களுடன் சில முறை வாடகை மார்க்கரை (குண்டு சுடும் துப்பாக்கி) வைத்துப் பெயிண்ட்பால் (பெயிண்ட் அடைத்த குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டம்) விளையாடியிருக்கிறேன். அவை எல்லாம் செமி ஆட்டோமேட்டிக் வகை. டிரிகரை அழுத்த அழுத்தக் குண்டுகள் போய்க்கொண்டே இருக்கும்; மதியத்துக்குள் வாங்கிய குண்டுகள் தீர்ந்துவிடும், செலவும் கையை மீறிவிடும். கடந்த முறை எதிரணியில் இருந்த ஒரு பெரியவர், ஒவ்வொரு குண்டுக்கும் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளிய பிறகே சுடக்கூடிய பம்ப் மார்க்கரை வைத்திருந்தார். அவர் அதிகம் சுடவில்லை, ஆனால் சுட்டவை வீணாகவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்த முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

பம்ப் மார்க்கர் இயல்பிலேயே குறி தவறாதது என்கிறார்களே, அது உண்மையா? முதன்முதலாக வாங்குபவர் எதை வாங்கலாம்? குண்டைத் தள்ளுவதற்குக் கரியமில வாயுவா, அழுத்தக் காற்றா? செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு நடுவே இதை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கருங்காலி (பதில்):

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் அந்த நம்பிக்கையில்தான் பணத்தைத் தவறான இடத்தில் செலவழிக்கிறார்கள். பம்ப் என்பதாலேயே குண்டு நேராகப் போகாது. மைதானங்களில் வேகம் நொடிக்கு 300 அடிக்குள், பெரும்பாலும் 280 அடி அளவில் கட்டுப்படுத்தப்படுகிறது. அந்த வேகத்தில் ஏறக்குறைய 3 கிராம் எடையுள்ள ஒரு ஜெலட்டின் குண்டு பறக்கும் விதம் எல்லா மார்க்கர்களிலும் ஒன்றுதான். வேறுபாட்டை உண்டாக்குபவை மூன்று: குண்டு எவ்வளவு உருண்டையாக இருக்கிறது, பேரலின் (குண்டு வெளியேறும் குழாய்) உள்விட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது, ஒவ்வொரு முறையும் வேகம் எவ்வளவு மாறாமல் இருக்கிறது.

இவற்றில் பேரல் பொருத்தம் பம்ப் ஆட்டக்காரருக்குக் கூடுதல் முக்கியமானது. நீங்கள் பம்ப் செய்தவுடன் குண்டு பேரலுக்குள் தள்ளப்பட்டு, நீங்கள் சுடும்வரை அங்கேயே காத்திருக்கிறது. பேரல் தளர்வாக இருந்தால், புதரைத் தாண்டும்போது மார்க்கரைச் சற்றுக் கீழே சாய்த்தாலே குண்டு உருண்டு வெளியே விழுந்துவிடும். பிறகு டிரிகரை அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும். சோதித்துப் பார்ப்பது எளிது. பேரலை மார்க்கரிலிருந்து கழற்றி, அன்றைக்கு வாங்கிய குண்டு ஒன்றை அதன் பின்முனையில் வையுங்கள். தானாக உருண்டு மறுமுனையில் விழுந்தால் பேரல் பெரிது. விரலால் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் சிறிது. வைத்த இடத்தில் நின்று, வாயால் ஊதியதும் நழுவி வெளியேறினால் சரியான பொருத்தம். 0.68 அங்குலம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் குண்டின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஈரப்பதத்தில் உப்பவும் செய்யும். ஆகவே வெவ்வேறு உள்விட்டமுள்ள உள்குழாய்களை மாற்றிக்கொள்ளும் வகையிலான பேரல் ஒன்றை வாங்குவது, விலை கூடிய மார்க்கர் வாங்குவதைவிடப் பயன் தரும்.

மார்க்கரைப் பொறுத்தவரை, சிசிஐ ஃபாண்டம் என் முதல் பரிந்துரை. 1980களில் உருவான வடிவமைப்பு. நெல்சன் வகை வால்வு (சுடும்போது வாயுவைத் திறந்துவிடும் எளிய அமைப்பு) கொண்டது. உறுப்புகள் குறைவு, எடையும் குறைவு, பிரித்துத் துடைத்துப் பூட்ட நேரமாகாது. பழைய பொருள் வாங்கத் தயங்காதவர் என்றால் எம்பயர் ஸ்னைப்பரையும் பார்க்கலாம். அதில் ஆட்டோகாக்கர் என்ற மார்க்கருக்கான மரையுள்ள பேரல்கள் பொருந்துவதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. குறைந்த செலவில் தொடங்க அசோடின் காவோஸின் பம்ப் வடிவம் போதும். எதை வாங்கினாலும் ஓ-ரிங்குகள் (வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) கைவசம் இருக்கட்டும்.

பழக வேண்டியது பம்ப் செய்யும் கை. முன்பிடியைப் பின்னால் முட்டும்வரை இழுத்து, முன்னால் முட்டும்வரை தள்ள வேண்டும். பதற்றத்தில் பாதி இழுத்துத் தள்ளினால் உள்ளே வால்வைத் தட்டும் சுத்தியல் அதன் கொக்கியில் மாட்டாது, ஆனால் ஒரு குண்டு உள்ளே போயிருக்கும். மறுபடி இழுத்ததும் அதன் பின்னால் இன்னொன்றும் நுழையும். இரண்டும் சேர்ந்து வெளியேறினால் எதுவும் இலக்கை அடையாது. உள்ளேயே உடைந்தால் பேரல் முழுவதும் பெயிண்ட். வீட்டில் காற்றுச் சிலிண்டரும் குண்டும் மாட்டாமல் இதைப் பழகுங்கள்.

முகக்கவசத்தில் சிக்கனம் வேண்டாம். மூச்சுப் படியாத இரட்டைக் கண்ணாடி உள்ளதை வாங்குங்கள். ஒரு குண்டுக்காகக் காத்திருந்து குறிபார்க்கும் ஆட்டத்தில் கண்ணாடி மங்கினால் ஆட்டமே போய்விடும். துடைப்பதற்காகக் களத்தில் அதைக் கழற்றுவதோ எக்காரணம் கொண்டும் கூடாது.

மேப்பிள் (பதில்):

கருங்காலி சொன்னவற்றுடன் வாயு பற்றி மட்டும் சேர்க்கிறேன். கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால் அதன் அழுத்தம் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 830 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கும் அழுத்தம், 0 டிகிரியில் சுமார் 500 பிஎஸ்ஐ ஆகிவிடும். நியூ ஜெர்சியின் நவம்பர் காலையில் வேகம் சரிந்து குண்டுகள் பாதி வழியில் விழுவதற்கு இதுவே காரணம். அழுத்தக் காற்றுச் சிலிண்டரில் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர் இருப்பதால், 3000 பிஎஸ்ஐக்கு நிரப்பினாலும் மார்க்கருக்கு 800 அல்லது 850 பிஎஸ்ஐதான் சீராக வரும். பம்ப் மார்க்கர் காற்றை மிகக் குறைவாகவே செலவழிப்பதால் 13 கன அங்குலச் சிறிய சிலிண்டரே ஆரம்பத்துக்குப் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய சிலிண்டர் வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியைப் படியுங்கள்; 5 ஆண்டு கடந்திருந்தால் மறுசோதனை இல்லாமல் மைதானத்தில் நிரப்ப மாட்டார்கள், நிரப்பவும் கூடாது. அடுத்தது, காற்று நிரப்பும் முனையில் எந்தச் சாதாரண எண்ணெயையும் தடவாதீர்கள். உயர் அழுத்தக் காற்று வேகமாகப் புகும்போது உண்டாகும் வெப்பத்தில் அது தீப்பிடிக்கக்கூடும்.

ஓடைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்டாக் கிளாஸ் என்று ஒரு பிரிவு இருப்பதாகப் படித்தேன். அதிலேயே நேரடியாகத் தொடங்கலாமா? கடைசிக் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

செம்போத்து (பதில்):

ஸ்டாக் கிளாஸ் என்பது பம்ப் ஆட்டத்தின் மிகக் கறாரான வடிவம். பெரிய சிலிண்டர் கிடையாது, 12 கிராம் கரியமில வாயு கார்ட்ரிட்ஜ் மட்டுமே. ஹாப்பர் (மார்க்கரின் மேல் மாட்டும் குண்டுக் கொள்கலன்) கிடையாது, பேரலுக்கு இணையாகக் கிடக்கும் குழாயில் பத்துப் பதினைந்து குண்டுகளை நிரப்பி, ஒவ்வொரு முறையும் மார்க்கரைச் சாய்த்துக் குண்டை உள்ளே விழச் செய்து பம்ப் செய்ய வேண்டும். அருமையான ஆட்டம், ஆனால் நீங்கள் முதலில் 50 குண்டு கொள்ளும் சிறிய ஹாப்பருடன் சாதாரண பம்ப் ஆடிப் பழகுங்கள். ஃபாண்டம் வாங்கினால் பின்னர் அதையே ஸ்டாக் கிளாஸாக மாற்றிக்கொள்ளும் உறுப்புகள் கிடைக்கும்.

தாக்குப்பிடிக்க முடியுமா என்றால், முடியும். இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கரில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடியபோது அவர்கள் கையில் இருந்தது, மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளமிடப் பயன்பட்ட நெல்ஸ்பாட் 007. அதையும் ஒவ்வொரு குண்டுக்கும் கையால்தான் இழுத்துத் தயார்செய்ய வேண்டும். அன்று வென்ற வனவியலாளர் ரிச்சி வைட் ஒரு குண்டுகூடச் சுடாமல், காட்டில் வைத்திருந்த எல்லாக் கொடிகளையும் சேகரித்தார்.

அவருக்கு உதவிய காட்டுநடைதான் உங்களுக்கும் உதவும். 30 மீட்டருக்கு அப்பால் இருப்பவரைச் சுடாதீர்கள். குண்டு படுவதைவிட நீங்கள் இருக்கும் இடம் தெரிவதுதான் அதிகம் நடக்கும். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் தோழர் ஒருவருடன் சேர்ந்து ஆடுங்கள். அவர் எதிரியைத் தடுப்புக்குப் பின்னால் முடக்கி வைத்திருக்கும்போது நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்து, எதிரியின் தோளோ ஹாப்பரோ தெரியும் கோணத்தைப் பிடியுங்கள். எதிரி ஹாப்பரின் மூடியைத் திறந்து குண்டு கொட்டும் சத்தம் கேட்டால் அதுவே முன்னேறும் நேரம். நேருக்கு நேர் ஒரே தடுப்பில் நின்று பதிலுக்குப் பதில் சுடும் நிலைக்கு மட்டும் போகாதீர்கள், அதில் பம்ப் வெல்வது அரிது.

திறந்த வெளியில் காற்றடைத்த தடுப்புகள் வைத்த களத்தைவிட மரங்கள் நிறைந்த களம் தொடக்கத்துக்கு நல்லது. பம்ப் ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடும் நாள் உங்கள் பகுதி மைதானத்தில் உண்டா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட நாட்களில் தங்கள் இரண்டாவது மார்க்கரைக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். வாங்குவதற்கு முன் ஃபாண்டத்தையும் ஸ்னைப்பரையும் கையில் பிடித்துப் பார்த்துவிடலாம்.