ஏட்டில் இருந்த பேச்சுரிமை 1798-இல் யாரைக் காப்பாற்றியது?

கரிசல்காரன்:
அமெரிக்க அரசமைப்பை எழுதிய தலைமுறையைச் சுதந்திரத்தின் காவலர்கள் என்கிறோம். பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றக் கூடாது என்ற முதல் திருத்தம் 1791 டிசம்பரில் வந்தது. ஏழு வருடம்கூட ஆகவில்லை, 1798 ஜூலை 14 அன்று அதிபர் ஜான் ஆடம்ஸ் தேசத்துரோகச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதிபரையோ காங்கிரஸையோ அவதூறாக எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. எழுதிவைத்த உரிமை என்ன ஆயிற்று?

வழக்காடி:
காலத்தைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்கிறீர்கள் நண்பரே. பிரான்ஸோடு கடலில் அறிவிக்கப்படாத போர் மூண்டுவிட்டது. தவிர, அச்சிடுமுன் தணிக்கை கூடாது, அச்சிட்டபின் பொறுப்பு உண்டு என்பதுதான் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் விளக்கிய ஆங்கிலச் சட்ட மரபு. அந்த மரபில் உண்மையை எழுதினாலும் தண்டனை உண்டு. 1798 சட்டமோ, உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம் என்றது. முடிவையும் ஜூரியிடம் விட்டது. அன்றைக்கு அது முன்னேற்றம்தான்.

கரிசல்காரன்:
அந்த முன்னேற்றம் நீதிமன்றத்தில் எப்படி நடந்தது என்று பாருங்கள். மாத்யூ லயன், வெர்மான்ட் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர். அதிபருக்குக் கேலிக்கூத்தான ஆடம்பரத்தில் அடங்காத வேட்கை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். கடிதத்தின் தேதி ஜூன் 20, சட்டம் வருவதற்கு முன்பு, அச்சானது பின்பு. வேட்கையை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது? வேறு வழியில்லாமல் லயன் நீதிபதியிடமே கேட்டார்: நீங்கள் அதிபரோடு விருந்து சாப்பிட்டிருக்கிறீர்களே, அந்தப் பகட்டைப் பார்க்கவில்லையா? எளிமையைத்தான் பார்த்தேன் என்றார் நீதிபதி. நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். அந்த நீதிபதி வில்லியம் பேட்டர்சன், 1787-இல் அரசமைப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்!

வைகைமகள்:
போருக்காக என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதிபருக்குப் பாதுகாப்பு கொடுத்த சட்டம் துணை அதிபரைச் சேர்க்கவில்லை. துணை அதிபர் யார்? எதிர்க்கட்சித் தலைவர் ஜெபர்சன். சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3, ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் நாள். பிரதிநிதிகள் சபையில் 44-க்கு 41 என்றுதான் நிறைவேறியது. இது கட்சிச் சட்டம்.

வழக்காடி:
கட்சிச் சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒழித்ததும் அதே அரசமைப்புதானே? லயன் சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். 1800 தேர்தலில் ஜெபர்சனும் அவர் கட்சியின் ஆரன் பர்ரும் சமமாக நிற்க, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 36-வது வாக்கெடுப்பில் வெர்மான்ட்டின் வாக்கை ஜெபர்சனுக்குப் போட்டவர் இந்த லயன். பதவிக்கு வந்த ஜெபர்சன் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பு அளித்தார். முதல் திருத்தம் இடம்பெற்ற உரிமைப் பட்டியல் ஒரு பூட்டு என்றால், தேர்தல் இன்னொரு பூட்டு.

வைகைமகள்:
தேர்தல் பார்த்துக்கொள்ளும் என்பது எனக்குப் போதவில்லை. ஆள்பவரைப் பற்றிப் பேசமுடியாதவர் எதை வைத்து ஓட்டுப் போடுவார்? அரசமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடிசன் 1800-இல் எழுதிய அறிக்கையில் அழுத்திச் சொன்னது இதைத்தான். அந்தத் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில்தான் எதிர்க்கட்சிப் பத்திரிகையாளர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன.

கரிசல்காரன்:
ஜெபர்சனையும் நான் விடமாட்டேன். 1803-இல் அவரை விமர்சித்த பத்திரிகை ஆசிரியர் ஹாரி கிராஸ்வெல் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது அவருடைய கட்சிக்காரர்கள். உண்மையைச் சொல்வது குற்றமாகாது என்று கிராஸ்வெல்லுக்காக வாதாடியவர் ஆடம்ஸின் கட்சியைச் சேர்ந்த ஹாமில்டன்.

வழக்காடி, மன்னிப்பு வந்தது என்கிறீர்கள். மாசசூசெட்ஸில் டெடம் என்ற ஊரில் எதிர்ப்பின் அடையாளமாக ஒரு கம்பம் நட்டார்கள். முத்திரை வரிச் சட்டம் வேண்டாம், தேசத்துரோகச் சட்டம் வேண்டாம் என்று அதில் ஒரு பலகை. அதற்காக டேவிட் பிரவுன் என்ற சாமானியருக்கு 18 மாதச் சிறை, 480 டாலர் அபராதம். தண்டனைக் காலம் முடிந்தும் அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளேயே கிடந்தார். ஆடம்ஸிடம் கருணை கேட்டும் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகுதான் வெளியே வந்தார். இந்த மனிதரின் கணக்கில் உங்கள் இரண்டாவது பூட்டு என்ன செய்தது, சொல்லுங்கள்.