கார்-டி சிகிச்சை: நோயைக் கண்டுகொள்ளாமல் விட்ட டி செல்களே அதை எப்படி அழிக்கும்?

கரிசல்மண் கேட்டது:
வணக்கம். 19 வயதாகும் என் அக்கா மகனுக்குப் பி செல் என்ற வெள்ளணுக்களில் தோன்றும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கீமோதெரபியில் நோய் தணிந்து, இரண்டு ஆண்டுகளாகக் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தவனுக்குச் சென்ற மாதம் அது திரும்பிவிட்டது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான அவனுடைய டி செல்களையே எடுத்து, மாற்றியமைத்து, மறுபடி உடம்பில் செலுத்தும் கார்-டி சிகிச்சையைப் பற்றி மருத்துவர் சொன்னார். இத்தனை காலம் அதே உடம்பில் இருந்தும் நோயைக் கண்டுகொள்ளாமல் விட்ட செல்கள், வெளியே போய்வந்ததும் மட்டும் எப்படிக் கண்டுகொள்ளும்? அக்காவுக்கு விளக்க வேண்டியவன் நான் என்பதால், விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

நுண்ணோக்கி:
ரத்தவியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் ஐயம் நியாயமானது. டி செல்லுக்குக் கொல்லும் திறன் குறைவில்லை. ஆள் அடையாளம்தான் தெரிவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன் உள்ளிருக்கும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. அவற்றில் அந்நியமானது தென்பட்டால்தான் டி செல் தாக்கும். ரத்தப் புற்றுச் செல்லோ வெளியிலிருந்து நுழைந்த கிருமி அன்று, நம் பி செல் பரம்பரையில் பிறந்து தறிகெட்டது என்பதால், அது காட்டும் துணுக்குகளும் பெரும்பாலும் நம்முடையவையாகவே இருக்கின்றன.

ஆகவே டி செல்லுக்குப் இலக்கைப் பற்றும் புதிய புரதம் (ஏற்பி) ஒன்றை, வீரியம் நீக்கிய வைரஸ் வழியாக மரபணுவாகவே ஏற்றிவிடுகிறார்கள். அதன் வெளிப்பாதி, பி செல்களின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தை நேரடியாகப் பற்றும் எதிர்ப்பொருளின் துண்டு. உட்பாதி, பற்றியவுடன் தாக்கச் சொல்லும் சமிக்ஞை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷ்ஹார் குழுவினர் 1989-இல் இத்தகைய கலப்பு ஏற்பியைச் செய்து காட்டினாலும், தொடக்ககால செல்கள் உடம்பில் நிலைத்துப் பெருகவில்லை. சிடி28 அல்லது 4-1பிபி என்ற இரண்டாவது சமிக்ஞையைச் சேர்த்த பிறகே அவை பெருகத் தொடங்கின.

சிடி19 நல்ல பி செல்களிலும் உண்டு, அவையும் அழியும். பி செல் இல்லாமலும், அதன் வழி கிடைக்கும் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினை வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டு, வாழ முடியும் என்பதால்தான் இந்தக் குறி சரிப்பட்டு வந்தது. ஏ.எம்.எல். என்ற வேறு வகை ரத்தப் புற்றுநோயில் உள்ள குறிகள், எல்லா ரத்த அணுக்களையும் உருவாக்கும் ரத்தக் குருத்துச் செல்களிலும் இருப்பதால், அங்கே இன்னும் தடுமாற்றம்தான்.

தாமரைக்குளம்:
என் கணவருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. அறிவியலை ஐயா சொல்லிவிட்டார். வார்டில் நடப்பதை நான் சொல்கிறேன். ரத்தத்தை எந்திரத்தில் ஓடவிட்டு டி செல்களைப் பிரித்தெடுத்த பின் வாரக்கணக்கில் காத்திருந்தோம். உடம்பில் இடம் ஒழித்துத் தருவதற்காக மூன்று நாள் கீமோ கொடுத்தார்கள். அத்தனை காத்திருப்புக்கும், அந்தச் சிறு பையிலிருந்த செல்கள் ஒரு தம்ளர் காபி ஆறுவதற்குள் ஏறிவிட்டன.

பிறகுதான் காய்ச்சல். நரம்பு பாதிக்கப்படுகிறதா என்று பார்க்க, தினமும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். "இன்று வெயில் அதிகம்" என்று மூன்று நாள் முத்து முத்தாக எழுதியவர், நான்காம் நாள் 'வெயில்' என்பதோடு நின்று, பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் சரியானது. தம்பி, உங்கள் மருமகன் அப்படி நின்றுவிட்டால் அக்கா பயந்துவிடாதபடி முன்பே சொல்லிவையுங்கள்.

நுண்ணோக்கி:
அம்மா குறிப்பிடும் காய்ச்சல், செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்வதால் வருவது. 2012-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் இச்சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தையான எமிலி ஒயிட்ஹெட், அதனால் செயற்கைச் சுவாசம் வரை போனாள். ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற புரதம் மிகுந்திருப்பதைக் கண்டு, அதைத் தடுக்கும், மூட்டுவாதத்துக்கான டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்தார்கள். ஏழாவது பிறந்தநாளன்று கண்விழித்தாள். ஆய்வுக்குழுத் தலைவர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால் அந்த மருந்தை அவர் அறிந்திருந்தார். இன்று கார்-டி வார்டுகளில் அதைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

கரிசல்மண்:
இருவருக்கும் நன்றி. இதோடு நோய் முழுமையாகத் தீர்ந்துவிடுமா?

நுண்ணோக்கி:
எல்லோருக்கும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2017-இல் அமெரிக்கா கிம்ரியா என்ற கார்-டி மருந்தை அனுமதிக்கக் காரணமான ஆய்வில், செல்கள் ஏற்றப்பட்ட 75 பேரில் 81 விழுக்காட்டினருக்கு மூன்று மாதங்களுக்குள் நோய் தணிந்தது; ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவின்றியும் இருந்தவர்கள் பாதிப்பேர். சிலருக்குப் புற்றுச் செல்கள் சிடி19-ஐயே உதிர்த்துவிட்டுத் திரும்புகின்றன. அடையாளம் போனபின் இந்த டி செல்லும் பழையபடி குருடுதான். இதனால் சிலருக்கு அடுத்ததாக எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் செய்கிறார்கள்.

செலவைப் பொறுத்தவரை, கிம்ரியாவின் தொடக்க விலை 4,75,000 டாலர். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி மருந்தின் விலை அதில் ஒரு சிறு பங்குதான் என்றாலும், நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதுவும் மலைதான்.

மருத்துவரைப் பார்க்கும்போது, மருமகனின் இப்போதைய புற்றுச் செல்களில் சிடி19 இருப்பதை, செல்களின் மேலுள்ள புரதங்களைக் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையின் அறிக்கையில் உறுதிசெய்துவிட்டார்களா என்று கேளுங்கள். முதல்முறை நோய் வந்தபோது எடுத்த அறிக்கை இதற்குப் போதாது.