ட்ரீ ஸ்டாண்டுக்குத் தமிழ்: மரப்பரணா, இதணமா?

யா. (ரொறன்ரோ), திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வில்வேட்டைக்காரருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 24 பக்கம். வெள்ளி காலை அச்சுக்குப் போயாக வேண்டும். ஒன்ராறியோக் காடுகளில் வெண்வால் மானை மரத்தில் இருந்தபடி எய்ய உதவும் இருக்கைதான் பொருள். ஆங்கிலத்தில் ட்ரீ ஸ்டாண்ட். நிலத்திலிருந்து 15 முதல் 20 அடி உயரத்தில், உயிருள்ள நேரான மரத்தின் தண்டோடு பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள். கால் வைக்க உலோகத் தட்டு, உட்காரச் சிறு இருக்கை, அவ்வளவுதான். கூரை, சுவர் கிடையாது.

வகை மூன்று. ஏணியோடு சேர்ந்தே வருவது ஒன்று. தண்டில் தனியாகக் கட்டிவிட்டு, கீழே வரிசையாகக் கட்டிய படித்துண்டுகளில் ஏறிப்போய் உட்காருவது இன்னொன்று, ஹேங்-ஆன் என்கிறார்கள். மூன்றாவது கிளைம்பர்: இரண்டு துண்டாக இருக்கும், ஆளோடு சேர்ந்து மரத்தில் மேலேறும்.

இப்போதைக்கு மரப்பரண், ஏணிப்பரண், தொங்குபரண், ஏறுபரண் என்று போட்டிருக்கிறேன். ஹார்னஸ் = பாதுகாப்பு பெல்ட். வில்லை மேலே இழுக்கும் கயிறு = தூக்குக்கயிறு. பிழை இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

செ. (தஞ்சை), திங்கள்

அன்புள்ள யா. அம்மையீர்,

மரப்பரண் ஆகாது. மரப்பெட்டி, மரப்பாலம், மரக்கட்டில் எல்லாம் மரத்தால் ஆனவை. மரப்பரண் என்றால் வாசகர் பலகைப் பரணையே நினைப்பார். தங்கள் பொருளோ இரும்பும் அலுமினியமும். ‘மரத்தின்கண் உள்ள பரண்’ என்று விரிக்கலாம் என்பீர்கள். விரிக்கலாம், ஆனால் வாசகரிடம் போய் விரித்துக் காட்ட முடியாது.

இதற்கு இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் ‘மரமிசைச் சேணோன் இழைத்த புலியஞ்சு இதணம்’ என்று வருகிறது. மரத்தின் மேல், உயரத்தில் இருப்பவன், கட்டியது, விலங்கு அண்டாதது. ட்ரீ ஸ்டாண்டுக்கு இதைவிட ஒரு வரையறை எழுத முடியுமா? இதணம் என்றே வையுங்கள்.

வே. (சென்னை), செவ்வாய்

செ. ஐயா, குறிஞ்சிப்பாட்டு இதணத்தில் தலைவியும் தோழியும் உட்கார்ந்து தழலும் தட்டையும் வைத்துக் கிளி ஓட்டுகிறார்கள். இங்கே மூச்சுக் காட்டாமல் மான் வரக் காத்திருக்க வேண்டும். வேலை நேர்எதிர்.

அதுகூடப் போகட்டும். கையேட்டைப் படிக்கப்போகிறவர் இதணத்தை முதல் தடவை ‘இரணம்’ என்றுதான் வாசிப்பார். பாதுகாப்புக் கையேட்டில் ரணம் எதற்கு? வடக்கே இதே பொருளை மச்சான் என்கிறார்கள். ‘ஏறும் முன் மச்சானைச் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்’ என்று எழுதிக்கொள்ளலாம், அந்த ஆசையும் வேண்டாம். பரண் போதும். ஊரில் தினைக்கும் சோளத்துக்கும் காவல் இருப்பவர் இன்றும் பரண் என்றுதான் சொல்கிறார்.

செ., செவ்வாய்

மச்சான் நகைச்சுவைக்குரிய சொல் அன்று. அந்த மச்சானும் நம் மச்சு வீட்டு மச்சும் மஞ்சம் வழியாக உறவு. மஞ்சமே யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை இன்னொரு நாள் பேசலாம். பரணுக்கு ‘பர்’ வேர்: பரவு, பரப்பு, பரம்பு. கழிகளைப் பரப்பிக் கட்டுவதால் பரண். தங்கள் கருவியில் எதைப் பரப்பினார்கள்? ஆறடி ஆள் நிற்க இரண்டடித் தட்டு! பரப்பே இல்லாததற்குப் பரண் என்று பெயர்.

இதணம் கசந்தால் கழுது இருக்கிறது. மலைபடுகடாம்: ‘கழுதிற் சேணோன் ஏவொடு போகி’. ஏ என்பது அம்பு. கழுதில் இருந்தவன் எய்த அம்போடு ஓடிப்போன காட்டுப்பன்றி வழியில் விழுந்து கிடப்பதைக் கூத்தர் காணப்போகிறார்கள். இது கிளி ஓட்டுவது அன்று, வே. அவர்களே. உயரத்திலிருந்து வில்வேட்டை.

வே., செவ்வாய்

கழுதுக்குப் பேய் என்றும் பொருள் உண்டு, ஐயா. பேயை விட்டாலும் ‘கழுதை’யைத் தடுக்க முடியாது, ‘கழுதில் ஏறும்போது’ என்று எழுதுங்கள், ஒரு எழுத்துப் பிழையில் என்ன ஆகும் பாருங்கள்.

கு. (மிச்சிகன்), புதன்

இரண்டு நாளாகப் பார்க்கிறேன். பரண், இதணம் எதை வைத்தாலும் ஒருவரும் விழப்போவதில்லை. விழவைக்கும் சொற்கள் வேறு நான்கு இருக்கின்றன. அவற்றை யாரும் தொடவில்லை.

முதலில் பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் ஒற்றைப் பெல்ட்டையும் மார்பில் மட்டும் கட்டும் வாரையும் பயன்படுத்தக் கூடாது என்பதே இந்தக் கையேடுகளின் தலையாய எச்சரிக்கை. விழுந்தால் ஒற்றைப் பெல்ட் விலாவுக்கு நழுவி மூச்சை அடைக்கும், அல்லது ஆள் தலைகீழாக உருவிக்கொண்டு கீழே போவார். வேண்டியது தோள், மார்பு, இரு தொடை நான்கையும் பிடிக்கும் முழுவுடல் ஹார்னஸ். அதற்கே ‘பாதுகாப்பு பெல்ட்’ என்று பெயர் வைத்தால், கட்டட வேலையில் பார்த்த இடுப்புப் பெல்ட்டைத்தான் வாசகர் மாட்டிக்கொண்டு ஏறுவார்.

அடுத்தது பட்டை. யா. அம்மாவின் வரைவில் ‘பட்டை உரியும் மரத்தில் பட்டையைக் கட்ட வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. முதல் பட்டை மரத்துடையது, இரண்டாவது நைலான். ஷாக்பார்க் ஹிக்கரி போன்ற மரங்களில் பட்டை செதில் செதிலாகத் தூக்கி நிற்கும். கிளைம்பரின் பல் தண்டைக் கவ்வாமல் செதிலைக் கவ்வும். செதில் பிய்ந்தால் ஆளும் சேர்ந்து வருவார். இவ்வளவு முக்கியமான வரியில் இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. மரத்துக்குப் பட்டை, நைலானுக்கு வார். இன்னொரு இடத்தில் ‘வாரை ஆண்டு முழுக்க மரத்தில் விடாதீர்கள்’ என்று வரும். மரம் பருக்கும், வார் இறுகி இழை தளரும், அணில் கடிக்கும், வெயில் தின்னும். அங்கே ‘பட்டையை மரத்தில் விடாதீர்கள்’ என்று போட்டால் மரத்தை உரிக்கச் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது தொங்குபரண். அந்த வகை தொங்கக் கூடாது. வாரை இறுக்கியபின் கையால் கீழே அழுத்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் கால் வைக்கலாம். தொங்கினால் கட்டியது பிழை.

நான்காவது தூக்குக்கயிறு. சிறைக் கையேடா இது? வில்லையும் மூடிபோட்ட அம்பறாத்தூணியையும் கீழே கட்டிவைத்துவிட்டு, ஹார்னஸ் மாட்டிய ஆள் மேலே ஏறி, அதை மரத்தோடு பிணைத்தபிறகு இழுக்கும் கயிறு. தோளில் அம்போடு ஏறி விழுந்தால் அகல்முனை அம்பு விழுந்தவரையே கிழிக்கும். ஏற்றுக்கயிறு என்று வையுங்கள்.

மு. (தூத்துக்குடி), புதன்

கு. அண்ணாச்சி சொன்னது நாலும் சரி. ஏறுவதற்கான சொல்லெல்லாம் பனையேறியிடம் இருக்கிறது, நாம் நூலகத்தில் தேடுகிறோம். காலை இணைத்து மாட்டுவது தளைநார். முதல் ஆளுயரம் ஏற மரத்தில் சாய்த்து வைப்பது முருக்குத்தடி. கிளைம்பரின் கீழ்த்தட்டில் பாதத்தைப் பிடிக்கும் வாருக்குத் ‘தளை’ என்று எழுதினால் எங்கள் பக்கம் ஒருத்தருக்கும் அகராதி வேண்டாம். படித்துண்டுகளுக்கு முருக்குத்தடி சரிவருமா, அண்ணாச்சி?

கு., புதன்

தளை அருமை. முருக்குத்தடி வேண்டாம் என்று நினைக்கிறேன், அது சாய்ந்து நிற்பது. இது மூன்று நான்கு துண்டு, ஒவ்வொன்றும் வாரால் தண்டோடு கட்டப்படும். ‘ஏறுபடி’ போதும். கடைசிப் படி பரணின் தட்டைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தட்டுக்கு மேலே போய் அதன்மீது இறங்கி நிற்க வேண்டுமே தவிர, கீழிருந்து எம்பித் தட்டைப் பிடித்து ஏறக் கூடாது. பலர் விழுவது உட்கார்ந்திருக்கும்போது அல்ல, இந்த மாறுமிடத்தில்தான். வரைவில் ‘பரணுக்கு ஏறவும்’ என்று இருக்கிறது. ‘பரணில் இறங்கவும்’ என்று திருத்துங்கள், கேட்க விநோதமாக இருந்தாலும்.

கிளைம்பருக்கு ஒரு குறிப்பு. மேல்துண்டில் உட்கார்ந்து காலால் கீழ்த்துண்டைத் தூக்குவது, கீழ்த்துண்டில் நின்று கையால் மேல்துண்டைத் தூக்குவது, இப்படியே மாறி மாறி. அட்டை ஊர்வது மாதிரி. மேலே போகப் போகத் தண்டு சிறுக்கும், தட்டின் வெளிநுனி தாழும். அதனால் தரையில் பூட்டும்போதே நுனியைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். இரண்டு துண்டையும் கயிற்றால் இணைக்காமல் ஏறினால், கால் வழுவும்போது கீழ்த்துண்டு தரைக்குப் போய்விடும், ஆள் மேல்துண்டில் தனியாக நிற்பார்.

வே., புதன்

அட்டை ஊர்வது மாதிரி என்றால் அட்டைப்பரண்! அழகாக இருக்கிறதே.

மு., புதன்

மழையில் நனைந்தால் ஊறிப்போகும், சார். பொட்டி அட்டை என்று நினைப்பான்.

செ., புதன்

ஏறுபரண் வினைத்தொகை, வலி மிகாது, யா. அம்மையீர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ‘ஏறிய, ஏறுகின்ற, ஏறும் பரண்’ என்று விரித்தால் பரண்தானே ஏறுகிறது? ஆள் ஏறும் பரண் என்றும் விரியும். அப்படியானால் மூன்று வகையும் ஏறுபரண்தான். தொங்குபரணுக்கு மாற்றாகக் கட்டுபரண் கொள்ளலாம். ‘கட்டுப்பரண்’ என்று ஒற்று மிகுத்தால் கட்டு பெயர்ச்சொல்லாகிப் பொருள் மாறும், அச்சில் கவனம்.

ஹார்னஸுக்குச் சேணம். சேணோனுக்குச் சேணம். சேண் என்றால் உயரம், தொலைவு. இரண்டுக்கும் ஒரே வேர் என்று ஐயுறுகிறேன்.

வே., புதன்

ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா, ஐயா? குதிரைக்குப் போடுவதை மனுஷனுக்கு மாட்டினால் கோபித்துக்கொள்வான். ‘முழுவுடல் வார்’ என்றால் சொல்லே எப்படி மாட்டுவது என்று காட்டும்.

யா., வியாழன்

எல்லாருக்கும் நன்றி. முழுவுடல் வார், வார்/பட்டை, ஏற்றுக்கயிறு, தளை, ஏறுபடி ஆகியவற்றைத் திருத்திவிட்டேன். அட்டவணையில் இரண்டு சொல் இன்னும் நிற்கின்றன.

> டெதர்: ஹார்னஸின் முதுகுப்பக்கத்திலிருந்து மரத்துக்குப் போகும் குறுங்கயிறு
> ஆன்ட்லர்லெஸ்: மான்வேட்டை அனுமதிச் சீட்டில் வரும் சொல்

இரண்டாவதற்குப் ‘பிணை’ என்று எழுதியிருக்கிறேன். தொல்காப்பிய மரபியலில் ‘இரலையும் கலையும்’ ஆண், ‘பிணையும் பிணவும்’ பெண் என்று இருப்பதால் துணிந்தேன்.

கு., வியாழன்

பிணை வேண்டாம், சட்டச் சிக்கல் வரும். ஆன்ட்லர்லெஸ் என்பது பெண் மான் மட்டுமல்ல. கொம்பு முளைக்காத ஆண் குட்டியும் அதில் அடக்கம். அனுமதிச் சீட்டில் எழுதுவது கொம்பின் கணக்கை, பாலின் கணக்கை அல்ல. ‘கொம்பற்ற மான்’ என்று வெறுமையாக வையுங்கள்.

டெதருக்குப் பிணைகயிறு போடலாம். ஆனால் நீளத்தையும் எழுதாவிட்டால் பெயரால் பயனில்லை. தலைக்குச் சமமாக அல்லது அதற்கு மேலே மரத்தில் கட்ட வேண்டும். உட்கார்ந்த நிலையில் கயிறு தொய்யக் கூடாது. காலடியில் கட்டினால் அத்தனை அடி விழுந்தபிறகே பிடிக்கும். பிடித்தபின்னும் ஆபத்து உண்டு. தொடை வார் அழுத்தி இரத்தம் காலிலேயே தேங்கும், சில நிமிடத்தில் மயக்கம் வரலாம். அதனால் கால் ஊன்றி நிற்கும் ஒரு கண்ணிவார் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் முதலில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பழகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செ. ஐயாவுக்கு ஒன்று. ‘ஏவொடு போகி’ என்று காட்டினீர்களே, அந்தத் தொடர் கையேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு அப்படியே பொருந்தும். அம்பு பட்ட மான் நின்ற இடத்தில் விழாது. நுரையோடு வெளிர்சிவப்புக் குருதி என்றால் நுரையீரல், அரைமணி காத்திருந்து தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணிநேரமாவது பொறுக்க வேண்டும். பச்சைக் கழிவு கலந்திருந்தால் குடல், எட்டு மணிக்கும் மேலே. அவசரப்பட்டு இறங்கிப் பின்தொடர்ந்தால் படுத்த மான் எழுந்து ஓடிவிடும், பிறகு கிடைக்காது. மலைபடுகடாத்துப் பன்றியையும் எய்தவன் கண்டெடுக்கவில்லை, வழிப்போக்கர்தான் காண்கிறார்கள்.

செ., வியாழன் இரவு

இதைப் பதினைந்து ஆண்டு பாடம் நடத்தியவர்களும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் அந்த அத்தியாயத்துக்காவது ‘ஏவொடு போகி’ என்று தலைப்பு வையுங்கள், அம்மையீர். பரண் விஷயத்தில் பெரும்பான்மை தெரிகிறது. ‘மரமேற்பரண்’ என்றால் மட்டும் இசைகிறேன். இதணத்தை அடிக்குறிப்பிலாவது சேர்க்க வேண்டும்.

வே., வியாழன் இரவு

மரமேற்பரணே. தூக்கம் வருகிறது.

மு., வியாழன் இரவு

சரி. ஆனா பேச்சில் எல்லாரும் பரண் என்றுதான் சொல்லுவான்.

யா., வெள்ளி

கோப்பை அனுப்பிவிட்டேன். அட்டையிலும் தலைப்புகளிலும் மரமேற்பரண், உள்ளே வெறும் பரண். ஏணிப்பரண், கட்டுபரண், ஏறுபரண். அடிக்குறிப்புக்கு இடமில்லை, செ. ஐயா மன்னிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு ‘குருதித் தடம்’ என்றே போயிருக்கிறது. அனுப்பியபின் பார்த்தேன்: 7ஆம் பக்கத்திலும் 19ஆம் பக்கத்திலும் பழைய ‘மரப்பரண்’ அப்படியே இருக்கிறது. அச்சகத்துக்குத் தொலைபேசிக்கொண்டிருக்கிறேன்.

செ., வெள்ளி

கட்டுபரணில் ஒற்று மிகவில்லையே?