ய = π இல பூரியர் தொடர் பூச்சியம், சார்பு π. பிறகு π²/6 எப்படிச் சரியா வருது?

உப்புவெளி:
(−π, π) ஆயிடையில் சார்பு ய. பூரியர் தொடர் (சார்பை சைன், கோசை அலைகளின்ர கூட்டலா எழுதுறது) 2(சைன் ய − சைன் 2ய/2 + சைன் 3ய/3 − …). பாசெவல் தேற்றம் (சார்பின்ர வர்க்கத்தின் தொகையீட்டைக் குணகங்களின்ர வர்க்கக் கூட்டலோட சமப்படுத்திறது) போட்டா 2π²/3 = 4(1 + 1/4 + 1/9 + …), விடை π²/6. ஆனா ய = π இல உறுப்பெல்லாம் பூச்சியம். ஜியோஜிப்ரா எண்ட வரைபு மென்பொருளில 50 உறுப்புக்கு வரைஞ்சா 3.08 கிட்ட வளையி 3.64க்கு ஏறுது, 500 போட்டாலும் அந்தக் கொம்பு போகேல்ல. தொடர் பிழையோ? இதே வழியில 1 + 1/8 + 1/27 + … எடுக்கலாமோ?

கன்னியா:
தொடர் சரி. சார்பின்ர கோட்டுத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினா ய = π இல பெறுமானம் π இலிருந்து −π க்குப் பாயுது. தொடர் நடுவான 0 ஐத் தருது. பாசெவல் பார்ப்பது வர்க்கத்தின் தொகையீட்டை மட்டும். ஒரு புள்ளியில என்ன பெறுமானம் வைச்சாலும் தொகையீடு அசையாது.

கொம்புக்குப் பேர் கிப்ஸ் தோற்றப்பாடு. 50 உறுப்புக்கு உச்சி π − π/51 இல, 500 க்கு π − π/501 இல. கோட்டுக்கு மேல நிக்கிற உயரம் எப்பவும் 0.56 அளவு, அதாவது பாய்ச்சலில (2π) கிட்டத்தட்ட 9 சதவீதம். அகலம்தான் ஒடுங்குது. விட்ட உறுப்புகளின்ர 4/n² ஐக் கூட்டிப் பாருங்கோ: 50 க்குப் பிறகு 0.079, 500 க்குப் பிறகு 0.008. கொம்பு நிக்க, வர்க்கப் பிழை பூச்சியத்துக்குப் போகுது. கொம்பே வேண்டாமெண்டா பகுதிக் கூட்டல்களின் சராசரியை வரையுங்கோ (ஃபெயர் முறை); அது π ஐத் தாண்டாது.

மூதூர்:
கனத்துக்கு வராது. முதலில ய² ஐ எடுங்கோ: π²/3 + 4(−கோசை ய + கோசை 2ய/4 − …). பாசெவல்ல மாறிலி உறுப்பின் வர்க்கத்தை 2 ஆல பெருக்கோணும், கனபேர் விடுறது இதைத்தான். 2π⁴/5 − 2π⁴/9 = 16(1 + 1/16 + 1/81 + …), ஆகவே π⁴/90, அதாவது 1.082. உங்களுக்கு 1.76 வந்தா அந்த 2 ஐக் காணேல்ல.

பல்லுறுப்பிகள் 1/n³ ஐச் சைனோடதான் தரும்; ய = π/2 போட்டா 1 − 1/27 + 1/125 − … = π³/32. எல்லாம் கூட்டலா வேணுமெண்டா கோசையோட வேணும். அங்க இரண்டு தரம் வகையிட்டு 1/n³ இலிருந்து 1/n க்கு இறங்கிப் பாத்தா கோசை ய + கோசை 2ய/2 + … = −மட(2 சைன்(ய/2)), இயற்கை மடக்கை நுழைஞ்சிட்டுது. நீங்க கேட்ட 1 + 1/8 + 1/27 + … விகிதமுறா எண் எண்டே 1978 இலதான் அப்பெரி காட்டினார்.

சல்லி:
வகுப்பில படம் காட்ட திருமலைத் துறைமுக வற்றுப்பெருக்குத் தரவை எடுத்துப் பூரியர் தொடர் போடலாமோ?

கன்னியா:
நேரே போட்டா குழம்பும். சந்திரனின் அலைக்கு 12.42 மணித்தியாலம், சூரியனின் அலைக்கு 12. ஒண்டு மற்றதின் முழுமடங்கில்லை. ரெண்டையும் தெளிவாப் பிரிக்க ஏறக்குறைய 14.8 நாள் தரவு வேணும். ஒரு கிழமைத் தரவில ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும்.